நான் எழுப்பிய நொதி

ஜெலட்டின் கலந்த ஜெல்லில் மாதிரியை ஓட்டி, அதைத் தின்னும் நொதிகளைக் கோடுகளாகக் காட்டும் ஜெலட்டின் ஜைமோகிராம் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தக் காலை நேரத்துப் படபடப்பு தெரியும். ராத்திரி முழுக்க 37 டிகிரியில் கிடந்த ஜெல்லுக்கு கூமாசி சாயம் ஏற்றி, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் அலசுவோம். நீலப் பரப்பில் மெல்ல மெல்ல வெள்ளைக் கோடுகள் தெளியும். நொதி ஜெலட்டினைத் தின்ற இடங்கள் அவை.

ஆறாத புண்களைப் பற்றிய ஆய்வில் நான் சேர்ந்த புதிது. மனிதத் தோலில் நார்களை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வெளியே விடும் எம்எம்பி நொதிகளை, அதாவது செல்களைச் சுற்றியுள்ள புரதங்களை வெட்டும் நொதிகளை, பார்க்கும் வேலை. முதல் ஜெல்லில் எல்லா வரிசையிலும் பளிச்சென்று கோடுகள். செல்களை வளர்க்கும் திரவத்தில், அதாவது வளர்ப்பு ஊடகத்தில், ஊற்றிய மாட்டுச் சீரத்திலேயே (ரத்தத்தின் தெளிநீர்) அந்த நொதிகள் இருந்தன. சீரத்தை நிறுத்தியதும் அது சரியாகிவிட்டது.

அடுத்த ஜெல்லில் 72 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அளவு) இடத்தில் அழகான ஒற்றைக் கோடு. எம்எம்பி-2. "நல்லா வேலை செய்யுதுக்கா" என்று சந்தோஷமாகக் காட்டினேன். மூத்தவர் ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை செல் எழுப்புச்சா, நீ எழுப்புனியா?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். எம்எம்பி பிறக்கும்போதே வாயடைத்துப் பிறக்கிறது. அதன் முன்துண்டில் உள்ள சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம், வேலை செய்யும் இடத்துத் துத்தநாகத்தைப் பிடித்து மூடியிருக்கும். ஜெல்லில் நாம் சேர்க்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரியான பொருள் புரதத்தை விரித்து அந்த மூடியைத் தளர்த்துகிறது. பிறகு டிரைட்டான் என்ற மென்மையான சோப்புப் பொருளில் கழுவும்போது புரதம் திரும்ப மடிகிறது, ஆனால் மூடி பழையபடி விழுவதில்லை. தூங்கிக்கொண்டிருந்த நொதியும் ஜெலட்டினைத் தின்கிறது. 72-இல் நான் கொண்டாடியது அந்தத் தூங்கும் வடிவத்தைத்தான்.

செல் எப்படி எழுப்புகிறது என்று தேடப் போனபோதுதான் இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனது. எம்எம்பி-1 விஷயத்தில் கட்டுப்பாடு பெரும்பாலும் மரபணுவிலேயே இருக்கிறது. அழற்சிச் சமிக்ஞையான டிஎன்எஃப்-ஆல்ஃபா வந்து செல்லின் ஏற்பியில் உட்கார்ந்தால் ஈஆர்கே, ஜேஎன்கே, பி38 என்ற கைனேஸ் நொதிகள் தனித்தனிப் பாதைகளில் பாஸ்பேட் ஏற்றி, மரபணுவை இயக்கும் ஏபி-1 புரதத்தை விழிக்கச் செய்யும். நொதி உற்பத்தி கூடும். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிச் சமிக்ஞை, செல்லுக்குள் சேதி கடத்தும் ஸ்மாட் புரதங்கள் வழியாக வந்து அதையே அடக்கும், தோலின் நார்ப்புரதமான கொலாஜனைக் கூட்டும். எம்எம்பி-2 அப்படியல்ல. ஃபைப்ரோபிளாஸ்ட் அதை எப்போதும் சுரந்துகொண்டே இருக்கும். எப்போது எழுப்புவது என்பதில்தான் கட்டுப்பாடு. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் எம்டி1-எம்எம்பி என்ற இன்னொரு எம்எம்பிதான், வழக்கமாக எம்எம்பிகளைத் தடுக்கும் டிம்ப் புரதங்களில் ஒன்றான டிம்ப்-2-இன் துணையோடு முன்துண்டை வெட்டுகிறது.

பிளாஸ்டிக் தட்டில் செல்லுக்கு அதை எழுப்ப வேண்டிய தேவையே வரவில்லை. அதனால் கொலாஜன் கூழுக்குள் செல்களை விதைத்தோம். மறுநாள் பார்த்தால், குழியை நிறைத்திருந்த வட்டக் கூழ் ஓரங்களை விட்டு விலகிச் சுருங்கி மிதந்தது. செல்கள் இழுத்த இழுப்பு அது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு பலமாக இழுக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஊடகத்தை ஜெல்லில் ஓட்டியபோது 72-க்குக் கீழே, 62 பக்கத்தில் மெல்லிய இன்னொரு கோடு. அதை நான் எழுப்பவில்லை.

இப்போதெல்லாம் புண்ணிலிருந்து எடுத்த நீரைக் கொண்டுவந்து "ஆக்டிவிட்டி பாருங்க" என்று கேட்டால், ஜைமோகிராமோடு நிறுத்துவதில்லை. ஜெல்லில் நொதியை விட்டுப் பிரிந்துவிடும் டிம்ப், புண்ணுக்குள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். எஸ்டிஎஸ் படாத மாதிரியை, நொதி வெட்டினால் ஒளிரும் பெப்டைடோடு (சிறு புரதத் துண்டு) சேர்த்துத் தனியாக ஒருமுறை அளந்த பிறகே பதில் எழுதுகிறேன்.