கொல்லும் எண்ணம்

அமர்வு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் கொலை வழக்குகளை நடத்துகிறவன் நான். அடித்தது யார் என்பதைப் பெரும்பாலும் நிரூபித்துவிடலாம். என்ன எண்ணத்தில் அடித்தார் என்பதில்தான் வழக்கு தள்ளாடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 302, அதாவது கொலை என்றால் மரணம் அல்லது ஆயுள். 304 இரண்டாம் பகுதி, அதாவது கொல்லும் எண்ணமில்லாமல், உயிர் போகலாம் என்று அறிந்தே செய்தது என்றால் அதிகபட்சம் பத்தாண்டு. 2024 ஜூலை முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, 105. சிக்கல் அதேதான்.

பழைய சட்டக் காலத்தில் ஒரு வாய்க்கால் தகராறு. இருவரும் பங்காளிகள். ஒருவர் கையில் மண்வெட்டி. பேச்சு முற்றித் தலையில் ஒரே அடி. அடிபட்டவர் மருத்துவமனையில் இறந்தார். முதல் தகவல் அறிக்கையில், 'இன்றோடு உன்னைத் தீர்த்துக்கட்டாமல் விடமாட்டேன்' என்று கத்திக்கொண்டே அடித்ததாக எழுதியிருந்தது. நான் பார்த்த அறிக்கைகள் பலவற்றில் இந்த வரி அச்சு மாறாமல் வரும். குறுக்கு விசாரணையில் நேரில் கண்ட பெரியவரிடம், என்ன சொல்லிக்கொண்டு அடித்தார் என்று கேட்டார்கள். "கெட்ட வார்த்தையில் திட்டினார் ஐயா. வேறொன்றும் காதில் விழவில்லை."

அவர் உண்மையைத்தான் சொன்னார். சேர்த்து எழுதிய அந்த ஒரு வரி, பக்கத்தில் இருந்த உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. தீர்ப்பு 304 இரண்டாம் பகுதி. "நினைக்காமலா தலையில் அடித்தான்?" என்று கேட்டார் இறந்தவரின் மனைவி. நியாயமான கேள்வி.

அந்த வரி தேவையே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். கொல்லவே நினைத்தார் என்று காட்ட வேண்டியதில்லை. அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தார், அது இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமானது என்று காட்டினால் போதும் என விர்சா சிங் வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கும் ஈட்டிக் குத்து ஒன்றுதான்.

அந்த எண்ணத்தைக் காட்டுபவை வேறு. மண்வெட்டியின் வெட்டுவாய் பட்டதா, பின்பக்கம் பட்டதா? விழுந்தவர் மேல் மறுபடி ஓங்கினாரா? சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸார் எழுதும் பார்வை மகஜரில் நான்கு திசைகளும் இருந்தன. மடை திறந்திருந்ததா என்பது இல்லை. அடித்தவர் வயலில் ஏற்கெனவே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தால், அடுத்தவர் வரப்புக்கு மண்வெட்டியோடு எதற்குப் போனார் என்று கேட்டிருப்பேன்.

இன்னொரு வழக்கில் இளம் ஆய்வாளர் ஒருவர் மிரட்டல் வசனம் எதையும் எழுதவில்லை. டீக்கடையில் சண்டை, குற்றம் சாட்டப்பட்டவர் தன் வீட்டுக்குப் போய், கூரையில் செருகியிருந்த அரிவாளோடு திரும்பியிருக்கிறார். இடைப்பட்ட தூரத்தை ஆய்வாளர் அளந்து வரைபடத்தில் குறித்திருந்தார். வழியில் பார்த்த சைக்கிள் கடைக்காரரைச் சாட்சியாக்கியிருந்தார். எதிர்த்தரப்பு 'திடீர்க் கோபம்' என்று வாதாடியபோது அந்தத் தூரத்தைக் காட்டினேன். 302 மேல்முறையீட்டிலும் நின்றது.