ஸ்டிப்பெர்ட் வீட்டுக் குதிரைவீரர்கள்

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் போகிறவர்கள் உஃபீஸி ஓவியக்கூடத்துக்கும் டேவிட் சிலைக்கும் வரிசையில் நிற்பார்கள். நிற்கட்டும். வாள், கவசம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ரகமாக இருந்தால், நீங்கள் அரை நாளை மோந்தூகி குன்றுக்கு ஒதுக்குங்கள். வாளும் கவசமுமாய் வாங்கிச் சேர்த்த ஃபிரடெரிக் ஸ்டிப்பெர்ட்டின் மாளிகை அங்கேதான் இருக்கிறது, இப்போது மியூசியம்.

1838-இல் இதே ஊரில் பிறந்தவர் இவர். அப்பா இங்கிலீஷ்காரர், அம்மா இத்தாலிக்காரர். தாத்தா ஜைல்ஸ் ஸ்டிப்பெர்ட், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தளபதியாக இருந்து சொத்து சேர்த்தவர். பேரன் வாங்கிக் குவித்த இரும்பில் நம் நாட்டுப் பணமும் இருக்கிறது என்ற நினைப்போடுதான் உள்ளே போனேன்.

பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த முணுமுணுப்பு போய்விட்டது. முழுக் கவசத்தில் வீரர்கள், கவசம் பூட்டிய குதிரைகள்மேல் அணிவகுத்து நிற்கிறார்கள். எல்லாம் ஆளுயரப் பொம்மைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைக்க ஸ்டிப்பெர்ட்டுக்கு மனசில்லை. போருக்குக் கிளம்புகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார். ஆசை அதோடும் அடங்கவில்லை. 1887-இல் ஊரின் பெரிய தேவாலயமான டுவோமோவின் புது முகப்பைத் திறந்தபோது நடந்த ஊர்வலத்தில் தானே நைட் (அந்தக் கால ஐரோப்பியக் கவச வீரர்) வேஷத்தில் போயிருக்கிறார்!

நான் அதிக நேரம் நின்றது கையுறைகள் முன்னால். இறால் ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எஃகுத் தகடுகள். விரல் மடங்குகிற இடமெல்லாம் தனித்தனி ஆணி. முழுக் கவசமே 20, 25 கிலோதான், அதுவும் உடம்பு முழுக்கப் பரவி உட்காரும். நைட்டைக் கயிறு கட்டிக் குதிரைமேல் தூக்கி வைத்தார்கள் என்பதெல்லாம் சுத்தக் கதை.

பளபளப்பே இல்லாத துண்டுகள் சிலவும் இருக்கின்றன. ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துத் தளபதி ஜொவான்னியைப் புதைத்தபோது போட்டிருந்தவை, 1857-இல் கல்லறையைத் திறந்தபோது எடுத்தவை. 1526-இல் பீரங்கிக் குண்டு காலில் பட்டு, காலை வெட்டியும் பிழைக்காமல் போனவர் அவர். பீரங்கி வந்தபின் இந்த வேலைப்பாட்டுக்கெல்லாம் என்ன மரியாதை?

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: 19-ஆம் நூற்றாண்டில் கிராக்கி ஏறியதும் தலை ஒரு கவசத்திலிருந்து, மார்பு இன்னொன்றிலிருந்து எனச் சேர்த்து ‘முழு செட்’ ஆக்கி விற்றார்கள். புதிதாக அடித்துப் பழசு என்று தள்ளியவர்களும் உண்டு. குறையாத செட்டைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

மாடியில் ஜப்பானிய சாமுராய் கவசங்கள் தனியாக இருக்கின்றன. அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.