ஜெர்மனியில் முதல் சில வாரங்கள்: டெல்டாவிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க ஜெர்மனி போகிறவர்கள் பெரும்பாலும் குளிர்கால செமஸ்டருக்குத்தான் போகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1-ஆம் தேதி அது தொடங்கும். ஊரில் சம்பா வேலை மும்முரமாக நடக்கும் நேரம். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது), அட்மிஷன், லோன், விசா என்று ஒரு வருடம் அலைந்த வீட்டில், விசா கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அங்கே இறங்கியபின் இன்னொரு வரிசை காத்திருக்கிறது. அதில் ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். அந்த வரிசையின் முதல் கண்ணி தங்கும் வீட்டின் முகவரி. அது சரியாக அமைந்தால் மற்றவை தானாக நகரும். அது பிசகினால் பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய முதல் வேலை பெயர். நம் பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் இனிஷியல்தான் இருக்கும், ஆர். செந்தில் என்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் ஏறியிருக்கும், இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ஜெர்மனியில் எல்லா அலுவலகமும் குடும்பப் பெயரை வைத்தே ஆளைத் தேடும். கட்டம் காலியாக இருந்தால் ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிவிடுங்கள். பிறகு அட்மிஷன் கடிதம், விசா, விமான டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ கணினியில் நீங்கள் வேறு ஆள்.

பயணத் தேதியையும் யோசித்துப் போடுங்கள். சனிக்கிழமை இரவு போய் இறங்குவது நல்லதல்ல. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் அப்படியே. விடுதிச் சாவி தருகிற காப்பாளர் வார நாட்களில், அதுவும் பகலில்தான் இருப்பார். ஆகவே திங்கள் அல்லது செவ்வாய் காலை இறங்குவதுபோல் டிக்கெட் எடுப்பதே வசதி. நல்ல நாள் வேறு கிழமையில் வந்தால் என்ன செய்வது என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறது. நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, ஏதுவான நாளில் கிளம்பலாம்.

இனி முகவரி. குடியேறிய 2 வாரத்துக்குள் அந்த ஊர்க் குடிமக்கள் அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும் என்பது சட்டம். இதைத்தான் அன்மெல்டுங் என்கிறார்கள். பாஸ்போர்ட்டும் நிரப்பிய படிவமும் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. கையில் ஒப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனவர்களைத்தான் கவுண்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தச் சான்றில் வீடு கொடுத்தவரின் பெயர், முகவரி, நீங்கள் குடிவந்த தேதி, வீட்டின் முகவரி, குடிவந்தவர்களின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். பகிர்ந்து தங்கும் வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், உங்களுக்கு அறை கொடுத்த முதன்மை வாடகைதாரர் அதைத் தரலாம். தர மறுப்பவரிடம், பதிவு செய்யக் கூடாது என்று நிபந்தனை போடுபவரிடம் அறை எடுக்காதீர்கள். குடியிருக்காத முகவரியைக் காசுக்குக் கொடுக்கிற ஆட்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம், பக்கத்திலேயே போகாதீர்கள்.

பெரிய நகரங்களில் பதிவுக்கான அப்பாயின்ட்மென்ட் எளிதில் கிடைக்காது. வீடு உறுதியானதும் ஊரில் இருந்தபடியே இணையத்தில் தேடத் தொடங்குங்கள். பிறர் ரத்து செய்த நேரங்கள் அலுவலகம் திறக்கும் காலையில் அடிக்கடி காலியாகும். அங்கே காலை 8 மணி என்றால், கோடைகால நேரப்படி, நமக்கு 11.30. அந்த நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தால் கிடைக்கும். 2 வாரத்துக்குள் கிடைக்காவிட்டால், கிடைத்த தேதியை எடுத்துக்கொண்டு, விண்ணப்பித்த நாள் தெரியும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

படிவத்தில் மதம் என்றொரு கட்டம் இருக்கும். அதைப் பலர் யோசிக்காமல் நிரப்புகிறார்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பதிந்தவர்களின் வருமான வரியோடு சேர்த்து, அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகப் பிடிப்பார்கள். மாணவப் பருவத்தில் வருமான வரியே பெரும்பாலும் வராது, அதனால் ஒன்றும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்தபின் சம்பளச் சீட்டில் தெரியும்.

பதிந்தவுடன் கையில் ஒரு சான்று தருவார்கள். அதைத் தாண்டி வருவதெல்லாம் தபாலில்தான். வங்கி அட்டை ஒரு கவரில், ரகசிய எண் வேறொரு கவரில், காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி எண் எல்லாம் தபால் பெட்டிக்கே வரும். இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல். ஜெர்மன் முகவரியில் தெரு, கட்டட எண், அஞ்சல் எண், ஊர் இருக்கும். வீட்டு எண் பெரும்பாலும் இருக்காது. 20 குடும்பங்கள் உள்ள கட்டடத்திலும் தபால்காரர் பெட்டியில் ஒட்டிய குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார். செந்தில் ராமலிங்கம் என்ற மாணவருக்கு வரும் கடிதத்தில் அந்தத் தபால்காரர் தேடுவது ராமலிங்கத்தை. பெட்டியில் ‘செந்தில்’ என்று மட்டும் ஒட்டியிருந்தால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம் ஊரில் கீழத்தெரு கோடி வீடு என்று எழுதினாலே கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கே அது நடக்காது.

ஆகவே சாவி வாங்கிய அன்றே, பயணப் பெட்டியைத் திறப்பதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அப்பா பெயரை முதலிலும் உங்கள் பெயரை அடுத்தும் எழுதி, மேலே செலோடேப் ஒட்டி, தபால் பெட்டியிலும் வாசல் மணியிலும் ஒட்டுங்கள். ஏற்கெனவே இருப்பவர்களின் பெயரை மறைக்காமல் அவற்றின் கீழே ஒட்டுங்கள். கட்டட நிர்வாகம் பெயர்ப்பலகை போட்டுத் தரும் இடமானால் அன்றே மின்னஞ்சலில் கேளுங்கள், அதுவரை தாள் இருக்கட்டும். அறைத் தோழர்களிடமும் “ராமலிங்கம் என்று வந்தால் அது எனக்கு” என்று சொல்லிவையுங்கள். பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள். பதில் தர வேண்டிய கெடு கடிதத்திலேயே இருக்கும்.

பணம் அடுத்தது. ப்ளாக்டு அக்கவுண்டில், அதாவது செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கில், போடும் தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அதுவும் அங்கே உங்கள் பெயரில் சாதாரணக் கணக்கு திறந்து, அந்த எண்ணைக் கொடுத்தபின்தான் வரத் தொடங்கும். சில வங்கிகள் முகவரிச் சான்று இல்லாமல் கணக்கே திறக்காது. முதல் தவணை கைக்கு வர 3, 4 வாரம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முதல் மாத வாடகை, முன்பணம், காப்பீடு, படுக்கை விரிப்பு, பாத்திரம் எல்லாம் வந்துவிடும். முன்பணம் அடிப்படை வாடகையைப் போல 3 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். விளம்பரத்தில் இரண்டு தொகை இருக்கும். கால்ட்மீட்டெ அடிப்படை வாடகை, வார்ம்மீட்டெ வெப்பமூட்டல் போன்ற செலவுகளும் சேர்ந்தது. எனவே ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 யூரோவாவது, கையில் 200, 300 யூரோ சில்லறை நோட்டுகளாகவும் இருக்கட்டும். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல், “வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்பவருக்கு ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். இந்த ஏமாற்று எல்லா ஊரிலும் நடக்கிறது.

இந்திய சிம்மை விட்டுவிடாதீர்கள். இங்குள்ள வங்கியின் ஓடிபி அதில்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்து வைத்து, வேலிடிட்டி முடியாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு தேர்வு செய்தால் மாற்ற முடியாது. 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசுமுறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு, மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. தனியார் காப்பீடு சிலருக்கு மலிவாகத் தெரியும். சேரும்போது அதற்காக அரசுமுறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை அரசுமுறைக்குத் திரும்ப வழியில்லை. 30 வயதுக்குள் இருப்பவர்கள் அரசுமுறையையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் காப்பீடு செய்த விவரத்தை அந்த நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் அனுப்பும். அது போய்ச் சேராமல் சேர்க்கை முடியாது. செமஸ்டர் தொடங்கும் முன்பே போய் இறங்குபவர்கள் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கு மெடிக்கலில் போய் மாத்திரை கேட்பதுபோல் அங்கே ஆன்டிபயாடிக் வாங்க முடியாது. தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் 3 மாத அளவை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில்தான் வீட்டில் அதிக விவாதம் நடக்கும். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்புகள், இறைச்சி சேர்ந்த எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணியின் பெட்டியில் போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும், அதை விட்டுவிடுங்கள். இட்லிப் பொடி, வத்தல், தாளிப்பு வடகம், புளி, மிளகாய்த்தூள் பிரச்சினையில்லை. திருச்சியிலிருந்து துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். அரிசி சுமந்து போகத் தேவையில்லை. பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகளில் புழுங்கலரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும்.

குக்கர் எடுத்தால் அடி தட்டையான, இண்டக்ஷனிலும் வேலை செய்யும் எஃகுக் குக்கராக எடுங்கள். அங்கே விடுதி அடுப்புகள் பெரும்பாலும் மின்சாரக் கண்ணாடி அடுப்புகள். அலுமினியம் இண்டக்ஷனில் சூடாகாது, அடி வளைந்த வாணலி எதிலும் உட்காராது. மின்சாரம் 230 வோல்ட், நம் சாதனங்கள் ஓடும். ஆனால் நம் மூன்று முள் பிளக் அந்தச் சாக்கெட்டில் நுழையாது. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்துங்கள். கடுகும் மிளகாயும் வெடிக்கும் புகைக்கு அபாய மணி அடிக்கும். சில விடுதிகளில் அது தீயணைப்புத் துறைவரை போய், செலவு உங்கள் தலையில் விழும். ஹீட்டர் திருகியில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமலே இருந்தால் சோறு வடித்த ஆவியில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். தினம் இரண்டு மூன்று முறை, 5 முதல் 10 நிமிடம், ஜன்னலை முழுவதும் திறந்து மூடினால் போதும்.

பேருந்து, ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. தெரியாது என்பது காரணமாகாது. சில ஊர்களில் தாள் டிக்கெட்டை ஏறும் முன் முத்திரை குத்த வேண்டும், குத்தாததும் டிக்கெட் இல்லாததும் ஒன்றே. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில், கேன்களை எறியாதீர்கள். ஒன்றுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை கடையிலுள்ள எந்திரத்தில் திரும்பக் கிடைக்கும். முகவரி பதிந்த சில வாரத்தில், பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்றல்ல. அறைத் தோழர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள், சும்மா விடாதீர்கள்.

கடைசியாக வசிப்பிட அனுமதி. விசா ஸ்டிக்கரில் உள்ள கடைசித் தேதிக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். நேரம் கிடைப்பது கடினம் என்பதால், முகவரி பதிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சேர்க்கைச் சான்று, காப்பீடு, பணம் இருப்பதற்கான ஆதாரம், கட்டணம் சுமார் 100 யூரோ. தேதிக்குள் விண்ணப்பித்து, அட்டை வருவதற்குள் விசா முடிந்தாலும், நீங்கள் தங்கியிருப்பது சட்டபூர்வமே. அதற்கான தற்காலிகச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் முடிந்து வேறு அறைக்கு மாறினால் அங்கும் 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், புதிய தபால் பெட்டியிலும் அப்பா பெயரை ஒட்ட வேண்டும்.