ஸ்பிட்ஃபயரின் மூக்கில் மூன்று மில்லிமீட்டர் போலந்து

லண்டனின் மேற்குப் பக்கம் குடியேறின எங்கட ஆக்களுக்கு 'போலிஷ் வார் மெமோரியல்' என்றால் முதலில் ஞாபகம் வருவது ஏ40 வீதியின் வாகன நெரிசல்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகின பெயர். ஒருநாள் இறங்கி நடந்து போய்ப் பார்த்தால், தூணின் உச்சியில் வெண்கலக் கழுகு. கல்லில் வரிவரியாகப் பெயர்கள். எங்கட பெயர்களை உச்சரிக்க இங்குள்ளவர்கள் படுகிற பாட்டை, அந்தப் பெயர்களின் முன்னால் நாங்கள் படுகிறோம். இரண்டாம் உலகப் போரில் இறந்த போலந்து விமானப் படையினரின் பெயர்கள் அவை. உயிரோடு மிஞ்சின அவர்களுடைய தோழர்கள் பலருக்கும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. அதுதான் சுள்ளென்று தைக்கிறது.

பக்கத்திலேயே நோர்த்தோல்ட் விமானத்தளம். 1940 ஓகஸ்டில் போலந்து விமானிகளின் அணியான 303ஆம் ஸ்குவாட்ரன் அங்கேதான் உருவானது. ஊரில் பறந்து, சண்டை பிடித்துத் தேறினவர்களை இங்கே முதலில் ஆங்கிலம் படிக்க வைத்தார்கள். மூன்று சில்லுச் சைக்கிளில் வானொலிக் கருவியைப் பூட்டி, மைதானத்தைச் சுற்றி மிதிக்கவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பொறியியல் படித்துவிட்டு வந்து 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்று கேட்கப்பட்ட எவருக்கும் அந்தச் சைக்கிள் நன்றாகப் புரியும். ஓகஸ்ட் 30இல் லுட்விக் பாஷ்கியேவிச் பயிற்சிப் பறப்பிலிருந்து விலகிப் போய் ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். மறுநாளே அந்த அணியைச் சண்டைக்கு அனுமதித்தார்கள். 1940இல் பிரித்தானிய வானில் ஜெர்மன் விமானப் படையோடு நடந்த 'பிரித்தானியப் போரில்' தாங்கள் வீழ்த்தியதாக அவர்கள் உரிமை கோரிய கணக்கு 126 விமானங்கள். செப்டெம்பர் 27இல் பாஷ்கியேவிச் இறந்தார். நோர்த்வுட் மயானத்தில் அடக்கம்.

அவர்கள் ஓட்டின விமானங்களைப் பிளாஸ்டிக் மாதிரிகளாகக் கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. 1/72 அளவில், அதாவது நிஜத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கில், ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபைவ் பி என்ற போர்விமானம் ஒன்றை எடுங்கள். இறக்கை நுனிக்கு நுனி 156 மில்லிமீட்டர், ஒரு புத்தக அலுமாரி போதும். ஏர்ஃபிக்ஸ், ரெவெல் நிறுவனங்களின் மாதிரிப் பெட்டிகளில் பழைய அச்சுகள் மலிவாகக் கிடைக்கும். புதிய அச்சுகள் துல்லியமானவை, ஆனால் விலை ஏறும். பழையதில் வருகிற தொல்லைகள் மூன்று: விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு, தூக்கி நிற்கும் தகட்டு மூட்டுக் கோடுகள், மஞ்சளாகிப் போன டெக்கல் தாள் (நனைத்து ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்). பிசிறைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடலாம். டெக்கல் தாளை ஒரு தெளிவான உறையில் போட்டு, வெயில் படும் யன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிட்டால் மஞ்சள் வெளுக்கும். ஊரில் என்றால் மோர்மிளகாய் காயவைப்பதுபோல இரண்டு நாளில் முடிகிற காரியம். இங்கே ஜனவரியில் அந்தத் தாளைக் கிழமைக்கணக்கில் தொங்கவிட வேண்டும். குளிர் பழகிவிட்டது என்று தொலைபேசியில் சொல்லிக்கொள்கிறோம். முற்றத்து வெயிலின் விலை அந்த யன்னலைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

ஒட்டுவதற்கு முன் பாகங்களை ஸ்ப்ரூவோடே (அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடே) வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சில் பூசின எண்ணெய் மிஞ்சியிருந்தால் பெயின்ட் உரியும். முதலில் விமானி அறை. அது காய்ந்த பிறகு உடலின் இரண்டு பாதிகள். பசையைத் தடிப்பாகப் பூசாமல், பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய திரவப் பசையைத் தூரிகை நுனியால் விளிம்பில் தொட்டால் அதுவே இடுக்கில் ஓடிவிடும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் இடைவெளி விழும். ஒட்டுவதற்கு முன் வெறுமனே பொருத்திப் பாருங்கள். இறக்கை நுனிகள் மேலே எழும்பும் கோணம் சரியாக நிற்க, காயும்வரை கீழ்ப்பக்கம் டேப்பால் இழுத்துக் கட்டலாம். விமானியின் கண்ணாடிக் கூட்டுக்குச் சூப்பர்குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் கண்ணாடி பனிமூடினதுபோலாகும். பிவிஏ என்கிற வெள்ளைப் பசை போதும்.

1942 ஸ்பிட்ஃபயருக்கு மேலே ஓஷன் கிரேயும் டார்க் கிரீனும், கீழே மீடியம் சீ கிரே. ஹம்ப்ரோல் எனாமல் பெயின்டில் அவற்றின் எண்கள் முறையே 106, 163, 165. மூக்குக் கூம்புக்கும் வாலுக்கு முன்னால் உள்ள பட்டைக்கும் ஸ்கை நிறம், 90. இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள். யாராவது 303 முதலில் ஓட்டின 1940 ஹரிக்கேன் போர்விமானத்தைக் கட்டினால் அந்த ஸ்கை பட்டையைப் போடவே கூடாது. 1940 நவம்பர் கடைசியில்தான் அது வந்தது. அந்தக் கோடைக்கு மேலே டார்க் எர்த், டார்க் கிரீன்; கீழே ஸ்கை.

எனாமலை நீர்த்து, இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். இடையில் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். மங்கல் வார்னிஷ் ஸ்ப்ரேயை மழைநாளில் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். சமையலறையில் சோறு வெந்துகொண்டிருக்கும் நேரத்திலும் அப்படித்தான்.

டெக்கலை மங்கல் பெயின்டின் மேல் நேரே ஒட்டக்கூடாது. கீழே காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கல், கடைசியில் மங்கல் வார்னிஷ். டெக்கலை இளக்கும் திரவம் வாங்க மனமில்லாவிட்டால் வெள்ளை வினாகிரி ஓரளவு வேலை செய்யும். விமானத்தின் உடலில் எழுதும் 303இன் அடையாள எழுத்துகள் ஆர்எஃப். அந்த அணியின் விமானி யான் சும்பாக் ஓட்டின ஆர்எஃப்-டி ஸ்பிட்ஃபயரில் டொனால்ட் டக் படமும் இருந்தது.

இனி என் மனக்குறை. பல மலிவுப் பெட்டிகளில் பிரித்தானிய வட்டங்கள் எல்லாம் இருக்கும். போலந்தின் சிவப்பு வெள்ளைச் சதுரம் இருக்காது. மூக்கின் பக்கவாட்டில் இருந்த அந்தச் சின்னச் சதுரம் இல்லாவிட்டால் அது இன்னொரு ஸ்பிட்ஃபயர், அவ்வளவுதான். 1946 ஜூன் 8 வெற்றி அணிவகுப்புக்கு 25 போலந்து விமானப் படையினரை மட்டும் அழைத்தார்கள். தரைப்படையையும் கடற்படையையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் அடையாளத்தைப் பெட்டியிலும் விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே அதை நாங்களே செய்யலாம்.

மீந்துபோன டெக்கல் ஒன்றின் வெள்ளைப் பகுதியிலிருந்து 3 மில்லிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். பிளேடு புதிதாக இருக்க வேண்டும். வெறும் தெளிவான டெக்கல் தாளில் சிவப்பு எனாமல் பூசி, காய்ந்ததும் வார்னிஷ் அடித்து, 1.2 மில்லிமீட்டர் சதுரங்கள் இரண்டும் மயிரிழைப் பட்டிகள் சிலவும் வெட்டுங்கள். முதலில் வெள்ளையை ஒட்டி ஒரு மணிநேரம் விடுங்கள். பிறகு பார்ப்பவரின் இடது மேல்மூலையிலும் வலது கீழ்மூலையிலும் சிவப்புச் சதுரங்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் தெரிய வேண்டும். மற்ற இரண்டு மூலைகளின் வெளிவிளிம்பில் சிவப்புப் பட்டி. இன்றைய போலந்து விமானங்களில் இடது மேல்மூலை வெள்ளை. 1993இல் வரிசையை மாற்றினார்கள். இணையப் படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். 1942க்கு இடது மேல்மூலை சிவப்புத்தான்.

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின சனம் நாங்கள். போர்விமானத்தை வீட்டு மேசையில் வைத்துக் கட்டுவதைப் பார்த்து, 'இது ஏன் வீட்டுக்குள்ள?' என்று அம்மாமார் கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது இந்தச் சதுரம் மட்டுமே: நாட்டை இழந்தபின்பும் அதை மூக்கில் வைத்துக்கொண்டு பறந்தார்கள்.

ஸ்பிட்ஃபயர் கைவந்த பிறகு 1939 செப்டெம்பரில் போலந்தைக் காத்த பிஇசட்எல் பி.11சி போர்விமானத்தைக் கட்டலாம். போலந்தின் மாதிரி நிறுவனங்களான ஆர்மா ஹொபி, ஐபிஜி இரண்டுமே 1/72இல் தருகின்றன. மேலே காக்கி, கீழே வெளிர்நீலம். அதன் இறக்கையில் நுண்ணிய நெளிவரிகள் உண்டு, அங்கே உப்புத்தாள் படவே கூடாது. இறக்கையைத் தாங்கும் கம்பிகளைப் பெயின்ட் அடித்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டும் முனைகளில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட்டால் பசை பிடிக்கும்.