முதலில் கழுத்து, அப்புறம் கை

ஃபைனல் இயர் மெடிசின் பிராக்டிக்கலில் எனக்கு விழுந்த ஷார்ட் கேஸ் (சில நிமிடத்தில் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி), நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா. வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, அவ்வப்போது கை இழுத்துக்கொள்ளும் என்றார். நான் நேராக நியூராலஜிக்குள் குதித்துவிட்டேன். டோன், பவர், சென்சேஷன், ரிஃப்ளெக்ஸ் எல்லாம் பார்த்து முடித்தபோது எக்ஸாமினர் கேட்டார்: "கழுத்தைப் பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். அதை விலக்கித் தாலிக்கயிற்றைக் கொஞ்சம் ஒதுக்கினால், கழுத்து மடிப்போடு மடிப்பாக மெல்லிய தழும்பு. "தைராய்டு கட்டி எடுத்தாங்க தம்பி. நீங்க கேக்கலியே" என்றார் அந்த அம்மா. தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன்தான் ரத்தத்தில் கால்சியத்தைத் தாங்கிப் பிடிக்கிறது; கால்சியம் இறங்கினால் இந்த மதமதப்பும் இழுப்பும் வரும். பெரியவர்களில் பாராதைராய்டு சுரப்பு குறைவதற்கு முதல் காரணமே கழுத்து ஆபரேஷன்தான். அதை விட்டுவிட்டு நான் விரலைக் குத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்து ட்ரூசோ, கால்சியம் குறைவைக் கையில் பார்க்கும் சோதனை. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பி.பி. கஃபைச் சிஸ்டாலிக்குக்கு (பி.பி.யின் பெரிய எண்) மேல் 20 மி.மீ. ஏற்றி, முழுசாக 3 நிமிடம் விட வேண்டும். வாட்சைப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் காற்றை இறக்கிவிட்டு 'நெகட்டிவ் சார்' என்று சொல்லாதீர்கள். கை வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணிக்கட்டு மடங்கும், விரல்கள் அடி மூட்டில் மடங்கினாலும் மேலே விறைத்து நீண்டிருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் ஒடுங்கும். கோலமாவு எடுக்கக் குவித்த கை மாதிரி. அது வந்தவுடனே காற்றை இறக்கிவிடுங்கள்.

அதையே முகத்தில் பார்க்கும் சோதனை சுவாஸ்டெக். சுலபம், ஆனால் நம்பகம் குறைவு. காதுக்கு முன்னால் சுமார் 2 செ.மீ. தள்ளி, கன்ன எலும்புக்குக் கீழே விரலால் தட்டினால் அதே பக்கத்து உதட்டோரம் துடிக்கும். நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே 10 முதல் 25 சதவீதம் பேருக்கு இது வரும். என் ரூம்மேட்டுக்கு அட்டகாசமாக வரும். கால்சியம் பக்கா நார்மல்!

நாள்பட்ட கேஸ் என்றால் வறண்ட தோல், குறுக்குக் கோடு விழுந்த உடையும் நகம், டார்ச் அடித்தால் கண்புரை. ஃபண்டஸில் (கண்ணின் உட்புறப் பின்பகுதி) பாப்பிலிடீமாகூட, அதாவது பார்வை நரம்பு முனையில் வீக்கம்கூட, இருக்கலாம். இளவயதுக்காரர், கழுத்தில் தழும்பும் இல்லையென்றால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கேண்டிடா என்ற பூஞ்சையின் வெள்ளைப் படலம் இருந்தால் ஆட்டோஇம்யூன் பக்கம் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்குவது) யோசித்து, அட்ரினல் சுரப்பியும் அடிபட்டிருக்கிறதா என்று படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பி.பி. பாருங்கள். முஷ்டியை மடக்கச் சொன்னால் நான்காம், ஐந்தாம் விரல்களின் கணு மேடாக இல்லாமல் குழி விழுந்தால் அது வேறு கதை: சூடோஹைப்போபாராதைராய்டிசம், போலிப் பாராதைராய்டு குறைவு. அங்கே ஹார்மோன் நிறையவே சுரக்கும், உடம்புதான் அதன் பேச்சைக் கேட்காது.

கடைசியாக எக்ஸாமினர், "சுவாஸ்டெக் பாசிட்டிவ், ட்ரூசோ நெகட்டிவ். என்ன பண்ணுவே?" என்றார். "கால்சியத்தோட ஆல்புமினும் மக்னீசியமும் அனுப்புவேன் சார்." (ஆல்புமின், ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதம்.)

"மக்னீசியம் எதுக்கு?"

"அது ரொம்பக் குறைஞ்சா சுரப்பி நல்லா இருந்தாலும் ஹார்மோனை விடாது சார்."

அந்த ஒரு பதிலுக்குத்தான் மார்க் போட்டார் என்று நினைக்கிறேன்.