டொராய்ட் உறுமல் அடங்கியது: டி.சி. தடுப்பான் கட்டிப் பார்த்த அனுபவம்

பவர் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் ஒருவழியாக அடங்கிவிட்டது. நான் சொல்வது ஸ்பீக்கரில் வரும் ஹம் அல்ல. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிப் போட்டாலும் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும் 'ர்ர்ர்'. உள்ளே இருப்பது 500 வி.ஏ. டொராய்ட் (வளைய வடிவ இரும்பில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்), அம்பத்தூரில் சொல்லிச் சுற்றி வாங்கியது. பகலில் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சோபாவில் உட்கார்ந்தபடியே கேட்கும். சில சமயம் பத்து நிமிடம் உறுமிவிட்டுத் தானாகவே நின்றும் போகும்.

இதை அப்படியே விட முடியாததற்குக் காரணம் தம்புரா. நான் கேட்பதில் பெரும்பகுதி பழைய கச்சேரிப் பதிவுகள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்குத் தம்புராவின் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத் தந்தி 98 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை அதிர்வதால் அது ஒலிப்பது 100 ஹெர்ட்ஸில். 98-ம் 100-ம் ஒரே அறையில் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். பாடகர் கார்வை கொடுத்து நிற்கும் இடத்தில், பின்னால் தம்புரா மட்டும் மீட்டப்படும்போது, பஞ்சமம் அலைபாய்வதை நன்றாகவே கேட்கலாம். டேப் வேகம் சற்றே ஏறிய பதிவாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு மெதுவாக அலையும். கண்ணை மூடிக் கேட்பவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது.

கரண்ட் சரியில்லை என்றதும் நம் ஆடியோ வட்டத்தில் முதலில் வரும் யோசனை வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அடுத்தது கரண்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் விலை உயர்ந்த பவர் கண்டிஷனர். ஜப்பானில் தனக்கென்று தனி மின்கம்பமே நட்டுக்கொண்ட இசைப்பிரியர் ஒருவரைப் பற்றி 2016-ல் செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். (அங்கே சப்ளையே 100 வோல்ட்தான், அதே பவருக்குக் கரண்ட் இழுப்பு நம்மைவிட இரு மடங்குக்கு மேல்.) ஆனால் வோல்டேஜ் குறைவதால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடை இரவில் தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடும்போது என் பிளக்கில் 207 வரை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 230-லிருந்து அது பத்து சதவீதம். ஆம்ப்பின் உச்ச பவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். டெசிபெல்லில் சொன்னால் 0.9. வீட்டில் கேட்கும் ஒலி அளவில் இதை யாரும் காதால் கண்டுபிடிக்க முடியாது. இதற்காக ரிலே 'டிக் டிக்' என்று அடிக்கும் ஸ்டெபிலைசரை ஆம்ப் பக்கத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உறுமல் வேறு கதை. வோல்டேஜ் ஏறும்போது டொராய்ட் உறுமுவது உண்டு, முக்கியமாக 220-க்குக் கணக்கிட்டுச் சுற்றியவை. விடிகாலையில் 245 வந்தால் அவை முனக ஆரம்பிக்கும். என்னுடையது வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும் சாயங்காலத்தில் உறுமியது. அங்கேதான் சந்தேகம் டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வருவது ஏ.சி., திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். அந்த அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சரிசமமாக இல்லையென்றால், அந்த வித்தியாசம் லைனில் டி.சி.யாக நிற்கும். அரை வோல்ட் டி.சி. என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். டொராய்டில் காற்று இடைவெளி கிடையாது; பிரைமரியின் (லைன் பக்கச் சுருளின்) ஓமும் மிகக் குறைவு. என்னுடையது 3 ஓம். 0.3 வோல்ட் டி.சி. இருந்தாலே 100 மில்லி ஆம்பியர் டி.சி. சுருளில் ஓடும். சும்மா இருக்கும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மர் காந்தமாக்க எடுத்துக்கொள்ளும் கரண்டே பதினைந்து மில்லி ஆம்பியர் சுமார்தான். அப்புறம் இரும்பு ஒரு பக்கமாகச் செறிவடைந்து உறுமாமல் என்ன செய்யும்? E, I எழுத்து வடிவத் தகடுகளை அடுக்கிய பழைய இ.ஐ. டிரான்ஸ்ஃபார்மர்களில் தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி இருப்பதால் அவை இதைப் பொறுத்துக்கொள்ளும். என் சி.டி. பிளேயர் ஒருநாளும் சத்தம் போடாததற்கு அதுதான் காரணம்.

இதில் கஷ்டமான வேலை அளப்பதுதான். தடுப்பான் கட்டுவது சுலபம். 230 வோல்ட் ஏ.சி. மேல் குந்தியிருக்கும் அரை வோல்ட் டி.சி.யை மல்டிமீட்டரின் டி.சி. ரேஞ்சில் நேராக வைத்தால் எண் தாறுமாறாக ஆடும், நம்பவே முடியாது. முதலில் ஏ.சி.யைக் கழித்தாக வேண்டும். 200 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட், மறுபடி 200 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் என்று இரண்டு அடுக்கு ஃபில்டர் போட்டேன். ஒவ்வோர் அடுக்கும் 50 ஹெர்ட்ஸை அறுபது மடங்குக்கு மேல் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது அறுபது மில்லி வோல்ட் ஏ.சி.; அதை மீட்டர் தானே சராசரியாக்கிக்கொள்ளும். ஒரே 200 கே ரெசிஸ்டர் போடாதீர்கள். கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்தான் தாங்கும். லைனின் உச்சம் 325. அரை வாட் 100 கே இரண்டைத் தொடராகப் போட வேண்டும். கபாசிட்டர் மெயின்ஸுக்குக் குறுக்கே போடத் தகுந்த 275 வோல்ட் எக்ஸ்-2 ஃபிலிம் வகை. எலக்ட்ரோலிடிக் இங்கே வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மீட்டர் முனை மட்டும் வெளியே. மெயின்ஸில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பிளக்கில் சொருகி இரண்டு மூன்று நொடி காத்திருந்தால் எண் நிலைக்கும். மீட்டர் முனைகளை மாற்றி வைத்தால் குறி மட்டும் மாறி அதே எண் வர வேண்டும். அப்போதுதான் அளவு நிஜம். காலையில் 40 மில்லி வோல்ட். சாயங்காலம் 300, சில சமயம் 500. உறுமலும் எண்ணும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பது அவ்வளவு திருப்தியாக இருந்தது!

சந்தேகம் தீர மகளை ஹேர் டிரையரைப் போடச் சொன்னேன். "ஹையில வைக்கவா, லோல வைக்கவா அப்பா?" என்றாள். ஹையில் ஒன்றுமில்லை. லோவில் தள்ளியதும் ஆம்ப் பெட்டி மேல் வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரே அதிர்ந்தது. மீட்டரில் 800-ஐத் தாண்டியது. பல டிரையர்களில் 'லோ' என்பது ஒரு டயோடு மட்டும்தான், அலையின் பாதியை வெட்டிவிடும். 1000 வாட் டிரையர் பாதியில் ஓடினால் சராசரி டி.சி. 2 ஆம்பியர் அளவு. ஒயரிங்கும் சர்வீஸ் லைனும் சேர்ந்து 0.4 ஓம் இருந்தால் 0.8 வோல்ட். கணக்கும் மீட்டரும் அச்சாகப் பொருந்தின.

தடுப்பான் எல்லோருக்கும் தெரிந்த சர்க்யூட்தான்: லைன் ஒயரில் தொடராக, மைனஸும் மைனஸும் சேர்த்த இரண்டு எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்; ஏ.சி.யை விட்டு டி.சி.யைத் தடுப்பவை இவைதான். அவற்றுக்குக் குறுக்கே ஒரு கே.பி.பி.சி. 3510 பிரிட்ஜ் (நான்கு டயோடு அடங்கிய 35 ஆம்பியர் பாகம்), அதன் பிளஸ்ஸையும் மைனஸையும் துண்டு ஒயரால் இணைத்து. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு டயோடு, ஆக 1.2 முதல் 1.4 வோல்ட்டுக்கு மேல் கபாசிட்டர் பார்க்காது. ஸ்விட்ச் போடும் நேர அடியையும் பிரிட்ஜே வாங்கிக்கொள்ளும். முன்னால் ஃபியூஸ், எர்த் செய்த இரும்புப் பெட்டி. எர்த் ஒயர் எங்கும் வெட்டாமல் நேராகப் போக வேண்டும்.

கபாசிட்டர் அளவில்தான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 10,000 மைக்ரோ இரண்டு தொடராகச் சேர்ந்தால் 5,000. 50 ஹெர்ட்ஸில் 0.64 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் உச்சம் 0.9 வோல்ட், அதோடு டி.சி. அரை வோல்ட் சேர்ந்தால் டயோடு திறந்துகொள்ளும், தடுப்பு போயிற்று. அதாவது பாட்டு சத்தமாகும்போது உறுமல் திரும்பி வரும். 22,000 போட்டால் 0.29 ஓம், தாராளமாக இடம் இருக்கும். 25 வோல்ட் ஸ்நாப்-இன் வகை. ரிப்பிள் கரண்ட் 3 ஆம்பியராவது தாங்க வேண்டும்.

ரிட்சி தெருவில் வாங்கும்போது கபாசிட்டரை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். புது உறை மாட்டிய பழைய சரக்கு கலந்திருக்கும். 22,000 என்று அச்சடித்ததில் 13,000 காட்டியதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நரசிங்கபுரம் தெருப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் சின்னக் கடைகளில் பொறுமையாகக் காட்டுகிறார்கள், அளந்து பார்க்கவும் விடுகிறார்கள். பிரிட்ஜைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் உலோகத் தட்டு கனமாக இல்லாவிட்டால் 35 ஆம்பியர் என்பது வெறும் எழுத்துதான். பாகங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு நல்ல பவர் கார்டின் விலை வரவில்லை.

சொருகியதும் டிரையரை மறுபடி லோவில் போட்டோம். லைனில் 800, டிரான்ஸ்ஃபார்மர் முனையில் வெறும் ஒற்றை இலக்க மில்லி வோல்ட். பெட்டியில் காதை வைத்தால் மட்டும் மெல்லிய 100 ஹெர்ட்ஸ். அன்று ராத்திரி கேட்ட தோடி ஆலாபனையில் பஞ்சமத் தந்தி அசையாமல் நின்றது. இதனால் பேஸ் இறுகியது, மேடை விரிந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அறை அமைதியானது; அமைதியான அறையில் தம்புரா முழுதாகக் கேட்கிறது.

எர்த்தையும் போகிறபோக்கில் பார்த்தேன். திருவான்மியூரில் உப்புக் காற்று எர்த் கிளாம்ப்பைத் தின்றுவிடுகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட் இருந்தது. எலெக்ட்ரீஷியன் கிளாம்ப்பைச் சுரண்டியதும், "சார், இதுல பச்சைதான் இருக்கு, செம்பைக் காணோம்" என்றார். மாற்றி, குழியில் தண்ணீர் ஊற்றியபின் 1-க்குக் கீழே. ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயர்) ஹம்மும் கொஞ்சம் குறைந்தது. அதைத் தனியாக அளந்து எழுத வேண்டும்.

அடுத்து, மீட்டர் போர்டிலிருந்து ஆம்ப்புக்கு மட்டும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்.சி.பி. (ட்ரிப் ஸ்விட்ச்) போட வேண்டும். வீட்டுக்கு த்ரீ பேஸ் இருப்பதால் ஏர் கண்டிஷனர் ஓடாத பேஸில் எடுக்கப் போகிறேன். பைப் இழுக்க அசோசியேஷன் சம்மதம் இன்னும் வரவில்லை. அதற்குள் அம்பத்தூர்க்காரரிடம் மோனோ பிளாக்குக்காக (ஸ்பீக்கருக்கு ஒன்றாகத் தனித்தனி ஆம்ப்) இன்னும் இரண்டு டொராய்ட் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை 250 வோல்ட்டுக்குக் கணக்கிட்டு, சுற்று கூட்டி, நடுவில் எபாக்ஸி ஊற்றித் தரச் சொல்லி. தடுப்பானில் கேபிள் கிளாண்டு (பெட்டிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிப்பது) ஒன்று பாக்கி. 16 மில்லிமீட்டர் ஓட்டை போட ஸ்டெப் டிரில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.