குடை சேர் நடத்திய வாக்கெடுப்பு

"பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் அண்ணா" என்று பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். கிரிக்கெட் மாட்ச், கன்டீன் வாய்ப்பன், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி (ரயில்) நுழையும்போது எல்லோரும் சேர்ந்து போட்ட கூச்சல் எல்லாவற்றையும் நம் ஆட்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டார்கள். ஆகவே எங்கள் ஆசிரியர் குடை சேரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்கள், ஆனால் அரசியல் வேண்டாம்" என்று பதில் வந்தது. உயர்தர வகுப்புக்கு அரசியலும் பொருளியலும் படிப்பித்த மனிதரை அரசியல் இல்லாமல் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பெயரைப் போடவில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. இறந்த பிறகும் அதை மதிக்கலாம். மலையக ஊரான அட்டனின் மழைக்கு எல்லோரும்தான் குடை பிடித்தோம். பங்குனி வெயிலிலும் கறுப்புக் குடையோடு வந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அந்தப் பெயர்.

அப்போது மலையகத்தில் அரசியல் பேசுகிறவர் என்றால் ஒன்று தொழிற்சங்கத்து ஆள், இல்லையென்றால் சிவப்புச் சட்டை. சேர் இரண்டிலும் சேரவில்லை. ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் அபிமானி. அந்தக் கட்சி இந்தியாவிலேயே கரைந்து காணாமல் போயிருந்தது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "லைசன்ஸ், பர்மிட், கோட்டா" என்ற மூன்று சொல்லையும் வாயில் கசப்பு மாத்திரை இருப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்.

எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1970களின் நடுப்பகுதியில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த எவருக்கும் தேவைப்படாது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கூப்பனோடு வரிசை, பாதி றாத்தல் பாணுக்கு விடியக்காலையிலேயே வரிசை. யாராவது சொந்தக்காரர் வயல் பக்கத்திலிருந்து கொஞ்சம் அரிசி கொண்டு வந்தால், பஸ்ஸை மறித்துப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இஷ்டப்படி கொண்டு போவது குற்றம். அந்தச் சோதனைச் சாவடிக்கு சிங்களத்தில் 'ஹால்பொல்ல' என்று பெயர். எங்கள் ஆட்களும் அப்படியேதான் சொன்னார்கள். கிராமத்து ஆளுக்குப் பின்வளவில் ஒரு பலா மரமாவது, கொஞ்சம் மரவள்ளியாவது இருந்தது. லயத்தில் என்ன இருந்தது? 1974இல் தோட்டங்களில் சாவு கூடியது. எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்த கிழவி அந்த வருடம்தான் போனார். நோய் என்று எழுதிக்கொண்டார்கள். பசி என்று எல்லோருக்கும் தெரியும்.

"தானியம் இல்லாததால் மட்டும் வந்த பஞ்சம் இல்லை இது. தானியத்தைக் கொண்டு வரக் கூடாது என்று சொன்னதாலும் வந்தது" என்பார் சேர். நியாயமாகச் சொன்னால் 1973இல் எண்ணெய் விலை ஏறியதையும், உலகச் சந்தையில் கோதுமையும் அரிசியும் ஏறியதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டார். அதே இறக்குமதித் தடையால் நுவரெலியாவில் உருளைக்கிழங்கு போட்டவர்கள் நிமிர்ந்ததையும் சொல்ல மாட்டார். அவருக்கும் ஒரு பக்கம் உண்டு.

1977இல் ஆட்சி மாறி, இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். அட்டன் டவுனில் ஜப்பான் துணி தொங்கியது, கசெட் ரேடியோ பாடியது, பாண் வரிசை மறைந்தது. சேருக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். அவர் பலகையில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வாங்கிய வாக்கு நூற்றுக்கு 51 அளவில். கிடைத்த ஆசனம் 168இல் 140. "பாதிப் பேருக்குச் சற்று மேல் ஆதரித்தார்கள். ஆறில் ஐந்து பங்கு பலம் கையில். இனி இவர்களைத் தடுக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?" யாரும் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, "அதுதான் எனக்கும் பயம்" என்றார்.

அந்தப் பயம் 1982 கடைசியில் வந்து கதவைத் தட்டியது. ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல். நான் போட்ட முதல் வாக்கு. உடனேயே அடுத்தது: பாராளுமன்றத் தேர்தல் வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டுமா என்று மக்களிடம் கேட்கும் சர்வசன வாக்கெடுப்பு. டிசெம்பர் 22. சரி என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். தேர்தல் வேண்டுமா என்பதற்கே ஒரு தேர்தல்! அரசாங்க ஆசிரியர் வகுப்பில் வாயைத் திறந்து விளக்கு, குடம் என்று எதுவும் பேச முடியாது. சேர் பேசவும் இல்லை.

நவம்பரில் ஒருநாள், நல்ல மழை. எங்கள் வகுப்பில் ஒருவன் புதுக் குடை வாங்கியிருந்தான், பட்டனை அழுத்தினால் தானாக விரியும் ரகம். (ஆள் இப்போது மொன்றியலில் இருக்கிறான். பெயரைப் போட்டால் போன் எடுத்துத் திட்டுவான்.) சேர் அந்தக் குடையை வாங்கி மேசைமேல் வைத்தார். "இந்தக் குடை இன்றிலிருந்து வகுப்புக்குச் சொந்தம். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்." சிரிப்பு, அவனைத் தவிர எல்லோர் கையும் மேலே. "நிறைவேறியது." குடை முன் மேசைக்குப் போனது. அவன் எழுந்து, "சேர், என் குடையை எப்படி..." என்றான். "இரு தம்பி. இரண்டாவது பிரேரணை: குடை விஷயத்தில் இவனுக்கு இனி வாக்கு இல்லை." மறுபடியும் கைகள், இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக. "மூன்றாவது: இவன் இந்த வகுப்பு மாணவனே இல்லை. அப்பா இந்தப் பள்ளியில் படித்ததற்குச் சான்றிதழ் கொண்டு வந்தால் பார்க்கலாம்." அவனுடைய அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தொழிலாளி. எங்கள் எல்லோருடைய அப்பாவும்தான். ஒரு கையும் மேலே வரவில்லை.

"1948இல் தூக்கினார்கள்" என்றார் சேர்.

பிறகு நடந்ததுதான் பாடம். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தொண்டமான், ராஜலிங்கம், சி.வி. வேலுப்பிள்ளை எல்லோரும் அதில் வந்தவர்கள். வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தது போதாது. அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்டு, முடியாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பூட்டனுடைய பத்திரத்துக்கு எங்கே போவது? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். எல்லாம் பாராளுமன்றத்தில், முறைப்படி, கை தூக்கி.

இதைத் தடுக்கவென்றே, சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் யாப்பில் ஒரு பூட்டு இருந்தது, 29ஆம் பிரிவு: எந்த ஒரு சமூகத்தையும் தனியாகப் பாதிக்கும் சட்டம் செல்லாது. கொடக்கன்பிள்ளை என்ற மனிதர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அப்போதைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடினார். 1953இல் தோற்றார். தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள அதிகாரம், இது அந்த வகைச் சட்டம் என்றார்கள். பூட்டு இருந்தது, சாவியைத் திருப்பத்தான் யாரும் இல்லை. 1972 யாப்பு அந்தப் பூட்டையும் கழற்றி எறிந்தது. அதை வரைந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, 1948இல் நமக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய அதே இடதுசாரி அணியின் ஆள். இதைச் சொல்லும்போது மட்டும் சேருடைய குரல் தாழ்ந்துவிடும். கோபம் இல்லை, ஏமாற்றம்.

எங்களை உண்மையில் உலுக்கியது வேறொரு நாள். 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்து பாராளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. எங்கள் வீடுகளில் அதற்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மைப் பங்கு போட்டவர் அவர். எங்கள் சின்ன மாமா குடும்பம் தலைமன்னாருக்கு ஒப்பாரிக் கோச்சி ஏறியது அந்தக் கணக்கில்தான். "நல்லா வேணும்" என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். சேர் திரும்பினார். "ஒருவருடைய உரிமையைக் கை தூக்கிப் பறிக்கலாம் என்றால் அது உனக்கும் பொருந்தும், அந்த அம்மாவுக்கும் பொருந்தும். கூடாது என்றால் இரண்டு பேருக்குமே கூடாது. எதிரிக்கு நடக்கும்போது சிரிக்கிறவனுக்கு சுதந்திரத்தைப் பற்றிப் பேச வாய் இல்லை."

நாங்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒத்துக்கொள்ள வருடக்கணக்கானது.

அதே கொள்கையை லயத்துக்குள்ளும் கொண்டு வருவார் என்பதுதான் பெரியவர்களுக்குத் தாங்க முடியாதது. தொழிற்சங்கத்தில் சேர உரிமை இருப்பதுபோல் சேராமலிருக்கவும் உரிமை வேண்டும் என்பார். சந்தா செக்ரோலிலேயே (சம்பளப் பதிவேட்டிலேயே) வெட்டுப்படும் ஊரில் இந்தப் பேச்சு! எங்களுக்கு ஒரு வருடம் முந்திய அக்கா ஒருவருக்குப் பேராதனைக்கு அனுமதி கிடைத்தது. மாவட்டக் கோட்டாவில்தான், நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். கோட்டா என்ற சொல்லையே வெறுத்தவர் அந்த விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பினார். கேட்டால், "உன் கொள்கைக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்பார். லயத்தில் பஞ்சாயத்து கூடி, பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று முடிவு. சேர் குடையோடு மலை ஏறிப் போனார். தலைவர், "சேர், ஊரே சொல்லுது" என்றாராம். "ஊர் சொல்றது இருக்கட்டும் ஐயா, பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டு, அந்த அக்கா வாய் திறக்கும்வரை இஸ்தோப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அக்கா போனார்.

டிசெம்பரில் விளக்கு வென்றது, நூற்றுக்கு 54க்குச் சற்று மேல். அப்பா விளக்குக்குப் போட்டார். தொழிற்சங்கம் அரசாங்கத்தில் பங்காளி. நான் எதற்குப் போட்டேன் என்பது ரகசியம். வாக்கு ரகசியம் என்பதையும் சேர்தான் சொல்லித் தந்தார். ஏழு மாதத்தில் 83 ஜூலை, தமிழருக்கு எதிரான வன்முறை. பதுளையிலும் நுவரெலியாவிலும் எரிந்தவை பெரும்பாலும் கடைகள்தான், கதவு திறந்த பிறகு கொஞ்சம் தலையெடுத்தவர்களின் கடைகள். வாங்கலாம், விற்கலாம் என்று சட்டம் சொல்லி, கடைக்குத் தீ வைக்கிறவனைப் பொலிஸ் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குச் சந்தை என்று பெயர் வைக்காதே என்று சேர் எனக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். நான் அப்போது லண்டன் வந்துவிட்டேன்.

இங்கே சுதந்திரச் சந்தை பேசுகிற கூட்டங்களுக்கு நானும் போவதுண்டு. மலையகத்தைப் பற்றி அவர்களில் சிலர் சொல்வதைக் கேட்டால் சேர் குடையால் ஒன்று போட்டிருப்பார். நாள் சம்பளத்தைச் சம்பளச் சபை தீர்மானிப்பது தவறு, சந்தை தீர்மானிக்கட்டும் என்கிறார்கள். சரி, சந்தை எங்கே? 1921 வரை கங்காணியிடம் பட்ட கடனை அடைத்து, துரையிடமிருந்து 'துண்டு' என்ற விடுவிப்புச் சீட்டு வாங்காமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு ஒழிந்தது, லயம் ஒழியவில்லை. வேலையை விட்டால் வீடும் போய்விடும் என்றால் அந்த ஆள் எப்படிப் பேரம் பேசுவார்? இன்று இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் தன் காணியில் தானே பறித்து, நல்ல விலை தரும் பெக்டரிக்குப் போடுகிறார்கள். சந்தை அங்கே இருக்கிறது. இருநூறு வருடமாக, முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் தொட்ட கைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பேர்ச் காணி கிடையாது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனுக்கு இந்தப் பொருளியல் யாரும் படிப்பிக்காமலே தெரிந்திருந்தது.

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியோடு வீடு கொடுக்கத் தொடங்கினார்கள், நல்லது. பல வீடுகளுக்குக் காணி உறுதிப் பத்திரம் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. வீடு இருக்கிறது, விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ காகிதம் இல்லை. நம் பழைய மாணவர் சங்கம் அட்டனில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, பழைய மாணவர் குடும்பங்களில் தொடங்கி, உறுதி எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்யலாம் என்று போன பொதுக்கூட்டத்தில் பிரேரணை வைத்தேன். கல்லூரி வாசலுக்கு வளைவு கட்டுவதா, இதுவா என்று வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வளைவு வென்றது. கட்டுங்கள், அழகாகவே இருக்கும். பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சங்க யாப்பின்படி தோற்ற பிரேரணையை ஒரு வருடம் கழித்து மறுபடி கொண்டு வரலாம். செப்டெம்பர் கூட்டத்துக்கு வழிமொழிய ஒரு ஆள் தேவை. மொன்றியல்காரன் ஒத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். குடையைத் திருப்பி வாங்க அவன் போட்ட சண்டை எனக்குத் தெரியும்.